மெகா பிளாக்கின் நான்காவது ஆல்பம்

சுடலைக்கண்ணன் கடைக்குள் நுழைந்தபோது நான் ஓர் அம்மாளுக்கு, இல்லாத தள்ளுபடி ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பை அவள் கையில் இருந்தது, விலை என் வாயில் இருந்தது, இரண்டு பேருமே அலுத்துப்போய் ஏதோ ஓரிடத்தில் வந்து நிற்கப்போகிற நேரம். பேரத்தில் அதைவிட மென்மையான நேரம் கிடையாது. அவன் குறுக்கே புகுந்து போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“ஏலே பாண்டி, இத வாசி.”

“பொறு. வியாபாரம் நடக்கு.”

“வாசில. நீதான தமில் படிச்சவன்.”

திரையில் நாங்கள் நான்கு பேர் கறுப்பு வெள்ளையில் நின்றோம். கிதாரை மாட்டிக்கொண்டு பாடுகிற சுடலை, லீட் கிதார் வாசிக்கிற கௌசிக், டிரம்ஸ் அடிக்கிற ஷைஸ்தா, பேஸ் கிதாரும் கணக்கு வழக்கும் பார்க்கிற நான். நால்வரும் வேறு வேறு ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் போல இருந்தோம். மேலே எங்கள் பேண்டின் பெயர், மெகா பிளாக். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்வேக்காரர்கள் தண்டவாளத்தைப் பழுதுபார்க்க வண்டிகளை நிறுத்திவைப்பார்களே, அந்த மெகா பிளாக். எங்கும் போக முடியாத அந்த ஞாயிறுகளில்தான் நாங்கள் ஒத்திகை பார்க்கத் தொடங்கினோம். நடுவில், தோல் மூட்டையில் மை போட்டு எழுதுகிற மாதிரி தடித்த எழுத்தில், ஒரே ஒரு தமிழ்ச் சொல். அதற்குக் கீழே அடுத்த ஞாயிற்றின் தேதியும் மாட்டுங்கா ஹாலின் பெயரும்.

“கலைப்பு,” என்று வாசித்தேன்.

“அதானல நம்ம ஆல்பம் பேரு? பெறகு எங்கம்ம ஏன் அலுதா?”

அவன் அம்மா சண்முகவடிவு போஸ்டரைத் தாராவி லேபர் கேம்ப் முனையில் பார்த்திருக்கிறாள். தமிழ்ப் பேப்பரை விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிக்கிறவள். வீட்டுக்கு வந்து, ‘ஏம்ல, பாட்டுக் கூட்டத்தக் கலைக்கியளா? கடைசிக் கச்சேரியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?’ என்று கேட்டு, முந்தானையில் மூக்கைச் சிந்தியிருக்கிறாள். பதினாறு வருஷமாக அந்தச் சத்தத்தை நிறுத்தித் தொலைக்கச் சொல்லிக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

பேரம் பேசிய அம்மாள் பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குப் போணியாகியிருக்க வேண்டிய பை.

எங்கள் நான்காவது ஆல்பத்துக்குப் பெயர் களைப்பு. உடம்பு அசந்துபோகிற களைப்பு. போஸ்டரில் இருந்ததோ கலைப்பு. சட்டசபையைக் கலைப்பார்கள், கூட்டத்தைக் கலைப்பார்கள், அது. வித்தியாசம் ஓர் எழுத்து.

இதைச் சுடலைக்குப் புரியவைப்பது லேசில்லை. தாராவியில் பிறந்து, இந்தி மீடியத்தில் படித்து, ஏ.சி. மெக்கானிக்காக ஊரெல்லாம் இந்தியில் சண்டை போட்டுப் பிழைக்கிறவன். தமிழில் பேசுவான், பாடுவான், பாட்டு கட்டுவான்; எழுத்து தெரியாது. கட்டிய பாட்டைப் போனில் ஆங்கில எழுத்தில் தட்டி வைத்துக்கொள்வான். ளகரம் அவன் நாக்கில் ஏறவே இல்லை. பள்ளி அவனுக்குப் பல்லி. வெள்ளிக்கிழமை அவனுக்கு வெல்லிக்கிலமை. மராத்தியிலும் அந்த எழுத்து உண்டு, அதிலும் தேறவில்லை. வாய்க்கு வராதது காதுக்கும் வராது போலிருக்கிறது. அவனுக்கு இரண்டும் ஒரே ஓசை.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இரண்டு சொற்களையும் பெரிதாக எழுதிக் காட்டினேன். இது டயர்டு, இது டிஸ்மிஸ் என்றேன். அவன் ஓவியம் பார்ப்பவனைப் போல மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“அப்பம் நாம கடைய மூடுதோம்னு ஊரு முலுக்க ஒட்டியாச்சு.”

“ஆமா.”

“இது கௌசிக் வேல. அவந்தான் போணும் போணும்னு நிக்கான். அவனுக்கு எலுத்தும் தெரியும்.”

“கௌசிக் அப்படிச் செய்ய மாட்டான்ல.”

“பெறகு யாரு செஞ்சா? நீயா?”

பையை ஆணியில் மாட்டினேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான். நாற்பது வயது. நரம்பு புடைத்த கழுத்து. வாரத்தில் ஆறு நாளும் யாரோ ஒருவருடைய ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு கம்ப்ரசருக்குள் தலையை விடுகிறவன். ஏழாவது நாள் என்று ஒன்று இருப்பதால் மட்டும் கைப்பிடியை விடாமல் இருந்தான். கல்யாணத்துக்குப் பார்த்த பெண்ணிடம், ‘சண்டே மட்டும் கேக்காத’ என்று சொன்னவன். அந்தப் பெண் சண்டேயை மட்டும் கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

“பாண்டி, பேண்டு இல்லேன்னா நான் வெறும் ஏ.சி. மெக்கானிக்குல்லா,” என்றான்.

நான் பேண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பைக்கடைக்காரன்.

எங்கள் முதல் ஆல்பத்தை இதே கடையின் மாடியில்தான் பதிவு செய்தோம். மாடி என்றால் மரப்பலகைப் பரண். தோல் சுருள்களையும் அறுந்த ஜிப்புகளையும் போட்டு வைக்கிற இடம். கௌசிக் எங்கிருந்தோ ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்தான். அதன் ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருந்தது. கிதாரைத் தட்டினால் தகர ஷட்டரை இறக்குகிற மாதிரி கரகரத்தது. அமெரிக்காவில் எப்போதும் மழை பெய்கிற ஓர் ஊரில் கட்டம் போட்ட சட்டைக்காரப் பையன்கள் எழுப்பிய சத்தம் இதுதான் என்று மனதார நம்பினோம். கீழே தையல் மெஷின்கள் ஓடின. அதுவும் மைக்கில் ஏறியது. பிற்பாடு ஓர் இணையப் பத்திரிகை அதைத் தொழிற்சாலை அழகியல் என்று எழுதியது. அழகியலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆர்டர் இருந்தது, மெஷினை நிறுத்த அப்பா சம்மதிக்கவில்லை. ஆல்பத்துக்கு ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று பெயர் வைத்தோம். ஒரிஜினலுக்குப் பக்கத்தில் வைத்தால் மட்டும் வெட்கப்படுகிற பைகளுக்குப் பம்பாயில் அதுதான் பெயர். எங்கள் இசையும் அந்த ரகம்தான். ஆனால் சுடலை அலறுகிற இடத்தில் மட்டும் அது ஒரிஜினல். பழைய ஏ.சி. ஒன்று உதறிக்கொண்டு ஓடத்தொடங்குகிற அலறல்.

கௌசிக் மாட்டுங்காக்காரன், பாலக்காட்டுக் குடும்பம். சின்ன வயதில் அவனைப் பாட்டு கிளாஸில் போட்டிருந்தார்கள். கிதாருக்கும் கட்டைக் கணக்கில்தான் சுருதி சொல்வான். முதல் ஆல்பம் மூன்று கட்டை. இரண்டாவது ஆல்பத்துக்குள் சுடலையின் தொண்டை கொஞ்சம் இறங்கியது. கௌசிக் எல்லாக் கம்பிகளையும் இரண்டரைக் கட்டைக்குத் தளர்த்தினான். அந்த ஆல்பத்துக்கு ‘ஸ்லோ லோக்கல்’ என்று பெயர், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டி. அப்போதுதான் வடாலாவிலிருந்து ஷைஸ்தா வந்து சேர்ந்தாள். முனிசிபல் ஸ்கூல் டீச்சர். தாளத்தில் கொஞ்சம் பின்தங்கி அடிப்பாள். அறிவிப்பு வந்து, எல்லோரும் முன்னால் நகர்ந்து, அப்புறம் வருகிற ஹார்பர் லைன் வண்டி மாதிரி. அந்தத் தாமதம் பாட்டுக்கு எடை கொடுத்தது. பாட்டுகள் நீண்டன. கிதார் நனைந்த கோணிச் சாக்கு போலக் கனத்தது. எங்களுக்கு நல்ல பெயர் வந்தது அதற்குத்தான்.

மூன்றாவது ‘சாஃப்’, இந்தியில் சுத்தம். அது கௌசிக்கின் ஆல்பம். கிழிந்த ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, சுத்தமான ஒலி, இடைவெளி, மௌனம் என்றெல்லாம் பேசினான். கம்பியை இழுத்து அசைக்கிற அசைவில் பாட்டு கிளாஸ் எட்டிப் பார்த்தது. சுடலை இரண்டு கட்டையில் முணுமுணுத்தான். பத்திரிகைகள் முதிர்ச்சி என்றன. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முதிர்ச்சி வேண்டாம் என்று போய்விட்டார்கள். அதே சமயத்தில் கௌசிக்குக்குக் கல்யாணமும் ஆயிற்று. மனைவி பெயர் ஷ்ருதி. சுருதி வீட்டுக்கு வந்ததும் பேண்டில் இறங்கிவிட்டது என்று அவனைக் கேலி செய்தேன், சிரிக்கவில்லை. தாணேயில் வீடு வாங்கினார்கள். குழந்தை பிறந்தது. ஞாயிறுகளில் மெகா பிளாக் இருந்தால் பஸ் மாறி மாறி வருவான். வந்ததும் கண்ணை மூடிக்கொள்வான்.

நான்காவது ஆல்பம் ஒன்றரைக் கட்டை. கம்பிகள் அவ்வளவு தளர்ந்துவிட்டதால் கிதாரின் கழுத்தில் பட்டு லொடலொடத்தன. தடித்த கம்பி போடலாம் என்றான் கௌசிக். லொடலொடக்கட்டும் என்றான் சுடலை. கிழிந்த ஸ்பீக்கரையும் மறுபடி வைத்தோம், ஆனால் மெதுவாக, பக்கத்து வீட்டுச் சண்டை சுவர் வழியே கேட்கிற அளவுக்கு. அலறல் இல்லை. வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்ற உட்கார்ந்தவன், ஷூவைக் கழற்றாமல் அப்படியே பாடுகிற குரல். நான் சரக்கை மிகைப்படுத்தி விற்கப் பழகினவன்தான், ஆனாலும் சொல்கிறேன், நாங்கள் செய்ததில் அதுதான் நல்ல சரக்கு.

மறுநாள் செம்பூருக்குப் போனேன். ஜஹாங்கீரின் இசைக் கம்பெனி ஸ்டேஷனுக்கு எதிரே, மின்சாமான் கடைக்கு மேல் ஓர் அறை. அறுபது வயது, பட்டைக் கண்ணாடி, பேச்செல்லாம் இந்தியில். என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டார். அவர் கட்டிக்கொண்டால் ஏதோ விற்றிருக்கிறது என்று அர்த்தம்.

“ஹவுஸ்ஃபுல், பாண்டி! முந்தாநாள் போஸ்டர் போட்டோம், நேற்று சாயங்காலம் டிக்கெட் காலி. பூனாவிலிருந்து வருகிறார்கள். அழுதுகொண்டே எழுதுகிறார்கள். நீங்கள் பிரியப்போவதை என்னிடம்கூடச் சொல்லவில்லையே, திருட்டுப் பயல்களா!”

“நாங்க பிரியல ஜஹாங்கீர் பாய். எழுத்துப் பிழை.”

அவர் முகத்தில் கொஞ்ச நேரம் கரண்ட் போயிற்று. பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த கீதாவைப் பார்த்தார். போஸ்டர் வடிவமைத்த பெண். செம்பூரிலேயே தமிழ் மீடியத்தில் படித்தவள்; அதனால்தான் தமிழ் வேலைகளை அவளிடம் கொடுப்பார்.

“ஸார், என் மேல தப்பில்ல,” என்றாள் எழுந்து நின்று. “பேரு எங்களுக்கு இங்கிலீஷ் எழுத்துலதான் வந்துச்சு. ரெண்டு மாதிரியும் படிக்கலாம். சந்தேகம் வந்து பாட்டப் போட்டுக் கேட்டேன். நீங்களே கேளுங்க.”

போட்டாள். ஒன்றரைக் கட்டையில், லொடலொடக்கும் கம்பிக்கு நடுவே, சுடலையின் குரல் தேய்ந்து வந்தது. கலைப்பு, கலைப்பு, வீடு வந்தும் கலைப்பு. பதிவின்போது கௌசிக், நாக்கை மடிடா, மடிடா என்று கத்திக் கத்தி, கடைசியில் கையை விரித்துவிட்டது ஞாபகம் வந்தது.

“எத்தன தடவ கேட்டாலும் அவர் ‘கலைப்பு’ன்னுதான் பாடறார் ஸார். பாடினத எழுதினேன்.”

அவளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுடலையின் பேண்டைக் கலைத்தது சுடலையின் வாய்தான்.

“திருத்தாதே,” என்றார் ஜஹாங்கீர். “திருத்தினால் டிக்கெட்டைத் திருப்பிக் கேட்பார்கள். கடைசி என்று நினைத்துத்தான் வருகிறார்கள். நீ வியாபாரி வீட்டுப் பிள்ளை, உனக்குச் சொல்ல வேண்டுமா?”

சொல்ல வேண்டியதில்லை. என் அப்பா எங்கள் கடை வாசலில் ‘துகான் காலி கர்னா ஹை’ என்று சிவப்பு போர்டு ஒன்று மாட்டினார். நான் பத்தாவது படித்தபோது மாட்டியது. என் கல்யாணத்தன்றும் தொங்கியது. கடையைக் காலி செய்யப்போகிறார்கள் என்றால் ஜனம் வரும். அப்பா போன பிறகும் நான் அதைக் கழற்றவில்லை. பெயின்ட் மட்டும் அடித்தேன்.

ஆனால் பைக்குத் தன்மேல் போர்டு தொங்குவது தெரியாது. சுடலைக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் கௌசிக்கை மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில், பூக்கடைகளுக்குப் பக்கத்தில் பார்த்தேன். அம்மாவைப் பார்க்க வந்திருந்தான். லேப்டாப் பை தோளை ஒரு பக்கமாக இழுத்திருந்தது. போஸ்டரை அவனும் பார்த்துவிட்டான்.

“நீ செஞ்சியான்னு சுடல கேக்கான்.”

“நான் செய்யலடா. ஆனா பாத்தேன் பாரு, எனக்கு என்னமோ ரொம்ப நிம்மதியா இருந்துது. யாரோ நமக்காக லெட்டர் எழுதிப் போஸ்ட் பண்ணிட்டா மாதிரி.”

“அப்போ போறதுன்னு முடிவா?”

“ரெண்டு வருஷமா சொல்லிண்டே இருக்கேன். நேரடியா போறேன்னு சொல்ல வாய் வரல. களைச்சுப்போயிட்டேன்டா சுடலை, களைச்சுப்போயிட்டேன்டான்னு சொன்னேன். அவன் என்ன பண்ணினான் தெரியுமோ? அத ஒரு பாட்டா போட்டுட்டான். ஆல்பத்துக்கே பேரா வெச்சுட்டான்.” கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். “நான் ராஜினாமா குடுத்தா அதுக்கு ட்யூன் போடறவன்ட்ட என்னடா பேசறது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. இரண்டு பேரும் பூக்காரி விரட்டும்வரை நின்று சிரித்தோம். சிரித்து முடித்ததும் முன்னைவிட அசதியாக இருந்தது.

“நீயே அவன்ட்டச் சொல்லு கௌசிக்.”

“கச்சேரி முடியட்டும். சொல்றேன்.”

சுடலையிடம் நான் எழுத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். கௌசிக் செய்யவில்லை, கீதா செய்தாள், அவளும் பாட்டைக் கேட்டுத்தான் செய்தாள் என்று. அவன் போஸ்டரை இன்னொரு தடவை போனில் பார்த்தான். பிறகு, போஸ்டரைத் தொட வேண்டாம், வருகிறவர்கள் வரட்டும், மேடையில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றான்.

“என்ன சொல்லுவ?”

“உல்லதத்தான். கலைக்கல, கலைச்சிருக்கோம். அவ்வலவுதான.”

பக்கத்திலிருந்த ஷைஸ்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் பேச்சில் பாதி இந்தி, மீதி எங்களோடு பழகிய தமிழ்.

“அரே யார், ரெண்டும் ஒண்ணா கேக்குது. நாக்கை மேலே மோடு, மடி. இப்படி. மராத்தியில கேளி சொல்லு, கேளி. வாழைப்பழம்.”

“கேலி.”

“கேலி பண்ணாதல,” என்றேன் நான்.

“நான் எங்கல பண்ணுதேன்? அவ சொன்னதத்தான சொல்லுதேன்!”

அந்த வாரம் பூராவும் என் கடையில் வாழைப்பழம் விற்பது போல இருந்தது. ஷைஸ்தா ஸ்கூல் விட்டு வந்து அவனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவன் வாயைக் கோணி, கழுத்தை நீட்டி, ஸ்பானரைக் கடித்தவன் போல முயன்றான். சனிக்கிழமை ஒரு தடவை வந்தது. களைப்பு. மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம். அவனுக்குத்தான் தெரியவில்லை.

“வந்துச்சா?” என்றான்.

“வந்துச்சுல.”

“எனக்கு எப்பவும் போலதான் கேட்டுச்சு.”

ஞாயிறு மாலை மாட்டுங்கா ஹால் வழிந்தது. எங்களோடு சேர்ந்து வயதான ரசிகர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வழுக்கையும் தொப்பையும் முதுகுவலிப் பெல்ட்டுமாக, பீரோவிலிருந்து எடுத்த கட்டம் போட்ட சட்டைகளைப் பட்டன் போடாமல் மாட்டிக்கொண்டு. ‘சாஃப்’ வந்தபோது ஓடிப்போனவர்கள் அத்தனை பேரும் துக்கம் விசாரிக்கத் திரும்பி வந்திருந்தார்கள். முன்வரிசையில் சண்முகவடிவு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

‘ஃபர்ஸ்ட் காப்பி’ பாட்டுகளைத்தான் கேட்டார்கள். ஒன்றரைக் கட்டையில் அவற்றை வாசித்தபோது இளம் வயதுப் புகைப்படத்தைத் தண்ணீருக்குள் பார்ப்பது போல இருந்தது. அலற வேண்டிய இடத்தில் சுடலை மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான். அவர்கள் அலறினார்கள். சிலர் அழுதார்கள். ஜஹாங்கீர் ஓரத்தில் நின்று இரண்டு கட்டை விரல்களையும் தூக்கிக் காட்டினார்.

ஐந்தாறு பாட்டுக்குப் பிறகு சுடலை கிதாரை முதுகுக்குத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்தான். ஹால் அடங்கியது. ஷைஸ்தா எனக்குப் பின்னால் மெதுவாக, “கேளி, கேளி,” என்றாள்.

“ஒரு விஷயம் சொல்லணும்,” என்றான். “போஸ்டர்ல தப்பா போட்டுட்டாவ. ஒரு எலுத்து மாறிட்டு. நாங்க கலைக்கல.”

முன்வரிசை கழுத்தை நீட்டிக் கேட்டது.

“நாங்க கலைச்சிருக்கோம். அவ்வலவுதான்.”

யாரோ ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு ஹால் முழுவதும் சிரித்தது, கை தட்டியது, விசில் பறந்தது. போகிற போக்கிலும் ஜோக் அடிக்கிறான் பார் என்று ஒருவன் கத்தினான். சுடலை குழம்பிப் போய் எங்களைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி மைக்குக்குப் போனான்.

“ஏ, இல்ல. கேலுங்க. கலைப்பு இல்ல. கலைப்பு!”

“கலைப்பு! கலைப்பு!” என்று ஹால் திருப்பிச் சொல்லிற்று, காலைத் தட்டிக்கொண்டே. பேச்சு கோஷமாகிவிட்டது. சுடலையின் கழுத்து நரம்பு புடைத்தது. சனிக்கிழமை வந்த எழுத்து அவன் வாய்க்குள் எங்கோ இருந்தது; தேடினான், கிடைக்கவில்லை. ஹாலில் இருந்தவர்களில் சண்முகவடிவு மட்டும்தான் சிரிக்கவில்லை. மகன் வாயை நாற்பது வருஷமாகக் கேட்கிறவள்.

அவன் கௌசிக்கைப் பார்த்தான்.

மேடையில் இருந்தவர்களில் பாட்டு கிளாஸில் நாக்கைப் பழக்கியவன் கௌசிக். அவன் வாயில் ளகரம் வெள்ளி டம்ளரைக் கீழே வைத்த மாதிரி விழும். ஒரே ஒரு முறை அவன் அந்தச் சொல்லைச் சொன்னால் போதும், ஹாலுக்கு விளங்கிவிடும். அவன் மெதுவாக நடந்து மைக்குக்கு வந்தான். நான் என் கடையில் எத்தனையோ பேர் விலையைச் சொல்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு நேரம் யாரும் நின்றதில்லை.

“அவன் சொன்னது சரி,” என்றான் கௌசிக்.

ஹால் எழுந்து நின்று கை தட்டியது. சுடலையின் முகத்தில் வெளிச்சம் வந்தது. நண்பனின் தோளைத் தட்டினான். கௌசிக் யாரையும் பார்க்காமல் திரும்பி வந்து புதுப் பாட்டின் முதல் ஸ்வரத்தைத் தட்டினான். கம்பி கழுத்தில் பட்டு லொடலொடத்தது. ஷைஸ்தா கொஞ்சம் தாமதித்து உள்ளே வந்தாள். கலைப்பு, கலைப்பு, வீடு வந்தும் கலைப்பு. பூனாவிலிருந்து வந்தவர்கள் கேட்டுக்கொண்டே அழுதார்கள். வீட்டுக்குத் திரும்புகிற களைப்பைப் பற்றிய பாட்டு என்று அங்கே நான்கைந்து பேருக்குத்தான் தெரியும். ஆனாலும் சரியான இடங்களில்தான் அழுதார்கள். அது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கச்சேரி முடிந்ததும் கௌசிக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று முதலில் கிளம்பினான். சொல்கிறேன் என்றவன் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு சுடலை எனக்கு முன்னால் வந்து கடை வாசலில் நின்றான். கையில் அவன் அம்மா கொடுத்தனுப்பிய அதிரசப் பொட்டலம்.

“கௌசிக்கே மைக்குல சொல்லிட்டாம் பாத்தியா,” என்றான் பரணில் ஏறிக்கொண்டே. “நான் சொன்னது சரின்னு. எம்புட்டு ஜனம் முன்னால. இனி அவன் போவ மாட்டான்.”

நான் தோல் சுருளை நகர்த்தி இடம் செய்தேன். ஷைஸ்தா டிரம்ஸைத் துடைத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கௌசிக்கின் கிழிந்த ஆம்ப்ளிஃபயர் சுவரோரம் இருந்தது. அதன் மேல் அதிரசப் பொட்டலத்தை வைத்தான்.

காத்திருந்தோம். அன்று மெயின் லைனில் மெகா பிளாக் வேறு. தாமதத்துக்கு அது நல்ல காரணமாக இருந்தது. பொட்டலத்தில் பாதி காலியானபோது மூன்று போன்களும் ஒரே சமயத்தில் அதிர்ந்தன. எங்கள் குழுவில் கௌசிக்கின் செய்தி. தமிழ் எழுத்து நன்றாகத் தெரிந்தவன், எழுத்து தெரியாத இருவருக்காக எப்போதும் போல ஆங்கில எழுத்திலேயே போட்டிருந்தான். ஒரே ஒரு சொல். எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம்.

நான் ஒரு மாதிரி படித்தேன். ஷைஸ்தா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சுடலை பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு சொல்லைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவனுக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம், ஆளைத் தெரியாதா?

“கலைப்பாம்,” என்றான் கடைசியில். “டயர்டா இருக்கானாம். பாவம், தாணேலருந்து வரணும்லா. அடுத்த வாரம் வருவான்.”

“வரட்டும்ல,” என்றேன்.

அவன் கௌசிக்கின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கீழே வைத்தான். தன் கிதார் ஒயரை அதில் செருகினான். கரகரவென்று ஒரு பெருமூச்சு விட்டது அது.

“பாண்டி, ஒரு கட்டைக்கு எறக்குவமா? ஒன்னரை இப்பம் இலுக்கு.”

இறக்கினேன். கம்பி கயிறு மாதிரி தொய்ந்தது. ஷைஸ்தா குச்சிகளை எடுத்தாள். கீழே வாசலில், சிவப்பு போர்டைப் படித்துவிட்ட யாரோ ஒருவர் பரணைப் பார்த்து, கடையை மூடுகிறீர்களா என்று இந்தியில் குரல் கொடுத்தார்.

“சேட், துகான் பந்த் கர் ரஹே ஹோ க்யா?”

பதில் சொல்ல வேண்டியவன் நான். அதற்குள் சுடலை குனிந்து, பலகை இடுக்கு வழியாக, இல்லை, நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்.

“நஹீ பாய்! சாலூ ஹை!”

அதில் ளகரம் இல்லை. தெரு முனைவரைக்கும் தெளிவாகக் கேட்டிருக்கும்.